இருநூற்றுப் பதினான்காம் வரி

இரண்டு வயதுக் குழந்தை நூற்று நாற்பத்தைந்து கிலோ இருக்க முடியாது. இதை ஒப்புக்கொள்வதற்கு அந்தக் குழந்தைகள் மருத்துவமனையின் கணினித் துறைக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒப்புக்கொண்ட பிறகு, அதை எந்த மாடியில் வைத்து ஒப்புக்கொள்வது என்ற பிரச்சினை எழுந்தது.

விஷயம் சின்னதுதான். பதிவுக் கவுன்டரில் இருந்த விசைப்பலகைகள் பழசு. புள்ளி விசை சில நேரம் அழுந்தும், சில நேரம் அழுந்தாது. குமாஸ்தா 14.5 என்று தட்டுவார், 145 என்று விழும். வரிசை வாசல்வரை நிற்கும்போது அவர் எங்கே நிமிர்ந்து பார்ப்பது? கணினி அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று மருந்தின் அளவைக் கணக்குப் போட்டு, சீட்டு அச்சடித்து வார்டுக்கு அனுப்பிவிடும். பத்து மடங்கு மருந்து, அழகான எழுத்தில்.

வார்டில் இருந்த பெரிய சிஸ்டர் மட்டும் சீட்டையும் பார்ப்பார், கட்டிலையும் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போடுவார். ஒரே வாரத்தில் இருபது சீட்டு கிழித்திருந்தார்.

அந்தச் சிஸ்டருக்கு லீவு வேண்டியிருந்தது. வெளியூரில் இருந்த மகளுக்கு எட்டு வாரத்தில் பிரசவம். மனுவைப் படித்த கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"போறதுல எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. நீங்க போயிட்டா சீட்டை யார் கிழிக்கிறது? கம்ப்யூட்டர்காரங்க அதைச் சரி பண்ணட்டும், மறுநாளே கையெழுத்துப் போடறேன்."

அதனால்தான் சிஸ்டர் ஒரு நாள் மதியம் மூச்சு வாங்க கணினித் துறையின் படியேறி வந்தார்.

கணினித் துறைக்குத் தனிக் கட்டடம். மற்ற இடங்களில் ஒரு பெரிய நிரலை அடுக்கு அடுக்காகப் பிரித்து எழுதுவார்கள். இங்கே அடுக்குகளை மாடிகளாகவே கட்டிவிட்டார்கள். மூன்றாம் மாடி திரைப் பிரிவு. குமாஸ்தா பார்க்கிற கட்டங்கள், பட்டன்கள், வண்ணங்கள் எல்லாம் அவர்கள் கைவண்ணம். இரண்டாம் மாடி நடுப் பிரிவு. திரையிலிருந்து வருவதை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பி வைப்பது அவர்கள் தொழில். முதல் மாடி ஆப்ஜெக்ட் பிரிவு. தரைத் தளம் டேட்டாபேஸ், அதை எல்லாரும் கிடங்கு என்பார்கள். கவுன்டரில் தட்டிய ஓர் எண் மூன்றாம் மாடியில் நுழைந்து, படி படியாக இறங்கி, கிடங்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். வழியில் அதை மறித்து யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேள்வியெல்லாம் வேறு மாடியில் கேட்டிருப்பார்கள் என்று ஒவ்வொரு மாடியும் நம்பியது. இந்த நம்பிக்கைக்குத் துறையின் கையேட்டில் 'அடுக்குகளுக்கிடையே பரஸ்பர மரியாதை' என்று பெயர்.

சிஸ்டர் வந்து நின்றது முதல் மாடியில், ஒரு புரோகிராமரின் மேஜை முன்னால். எந்தக் கூட்டத்திலும் அவன் "ஒரே ஒரு வரிதான் சார்" என்று ஆரம்பிப்பதால் அவனுக்கு 'ஒருவரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுதான் வழங்கியது.

"தம்பி, நீதான் குழந்தைங்களைப் பார்த்துக்கிறியாமே?"

"குழந்தை கிளாஸைக்கா."

"அதுல எத்தனை குழந்தைங்க?"

"எத்தனை பேர் பதிவாகறாங்களோ அத்தனை. கிளாஸ்னா நிரல்ல ஒரு அச்சு. ஒவ்வொரு பதிவுக்கும் அந்த அச்சுல ஒரு ஆப்ஜெக்ட் பிறக்கும்."

"அப்ப செவ்வாய்க்கிழமை நூத்து நாப்பத்தஞ்சு கிலோவுல ரெண்டு வயசுப் பிள்ளை ஒண்ணு உன்கிட்ட பிறந்திருக்கு. பார்க்கலையா நீ?"

ஒருவரி தலையைச் சொறிந்தான். "பார்த்தேன்க்கா. கேட்கறதுக்கு எனக்கு அனுமதி இல்லை."

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகளைப் பற்றிச் சொன்னார். "போன தடவை அவளுக்குத் தங்கலை. ஏழாம் மாசம். அப்பவும் நான் இங்கதான் நின்னு யார் யார் பிள்ளைக்கோ ஊசி போட்டுட்டிருந்தேன். இந்தத் தடவை நான் பக்கத்துல இருக்கணும். எனக்கு உன் மாடியெல்லாம் தெரியாது. என்ன செய்யணுமோ செய்."

ஒருவரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டே விளக்கினான்.

ஆப்ஜெக்ட் என்பதற்கு அர்த்தமே, தகவலும் அந்தத் தகவலைப் பற்றிய புத்தியும் ஒரே இடத்தில் இருப்பதுதான். திரையில் பிறந்த தேதி முதல் பக்கத்தில் இருக்கிறது, எடை இரண்டாம் பக்கத்தில். ஒன்றைத் தட்டும்போது மற்றது கண்ணில் படாது. நடுப் பிரிவு வாங்கிக் கொடுக்கிற கை. கிடங்கில் இரண்டும் வெவ்வேறு அலமாரி. வயதும் எடையும் ஒரே நேரத்தில், ஒரே உள்ளங்கையில் இருப்பது குழந்தை கிளாஸில் மட்டும்தான். நூற்று நாற்பத்தைந்து கிலோ தனியாகப் பார்த்தால் தப்பே இல்லை, பதினாறு வயதில் அப்படி ஒரு பையன் இருக்கலாம். இரண்டு வயதோடு சேர்த்துப் பார்த்தால்தான் தப்பு. ஆகவே அந்தக் கேள்வியை ஆப்ஜெக்ட் பிறக்கும் நேரத்திலேயே கேட்டுவிட வேண்டும். பதில் சரியில்லை என்றால் பிறக்கவே விடக்கூடாது. அப்புறம் பொருந்தாத தகவலோடு ஒரு குழந்தை நிரலுக்குள் எந்த மாடியிலும் நடமாடாது.

"திரையிலேயே சொன்னா அந்தக் குமாஸ்தாவுக்கு உடனே தெரியுமே?" என்றார் சிஸ்டர்.

"அது ஒரு மரியாதைக்கா. செய்யலாம், நல்லதுதான். ஆனா எல்லாரும் திரை வழியா வர்றதில்லை. ஆம்புலன்ஸ்ல இருந்து தகவல் நேரா நடு மாடிக்கு வருது. பழைய ஃபைலை மொத்தமா ஏத்தறப்பவும் திரையைத் தொடறதே இல்லை. எந்த வழியா வந்தாலும் குழந்தை கிளாஸ்ல பிறந்துதான் ஆகணும். அங்க ஒரே ஒரு வரி."

"ஒரு வரிதானே? இப்பவே எழுதேன்."

"குழுவுக்கு எழுதிப் போடணும்க்கா."

குழுவின் முழுப் பெயர் 'பொறுப்பு எல்லை வரையறைக் குழு'. தலைவர், தலைமை வடிவமைப்பாளர். நிரல் எழுதுவதை அவர் நிறுத்திப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. கை அழுக்காகிறது என்று காரணம் சொன்னார். இப்போது பெட்டிகளும் அம்புக்குறிகளும் மட்டும் வரைவார். சட்டைப் பையில் நான்கு வண்ணப் பேனா. முதல் மூன்று கூட்டங்களில் நூற்று நாற்பத்தைந்து கிலோ சாத்தியமா என்று ஆராய்ந்து, சாத்தியமில்லை என்று தீர்மானம் போட்டார்கள். நான்காவது கூட்டத்தில்தான் ஒருவரியைக் கூப்பிட்டார்கள்.

"வேலிடேஷன், அதாவது தகவலைச் சரிபார்க்கிற வேலை, எங்க இருக்கணும்னு நாம யோசிக்கிறோம்," என்றார் தலைமை வடிவமைப்பாளர். "இது தொழில்நுட்பக் கேள்வி இல்லை. தத்துவக் கேள்வி. எல்லாரும் மனசு திறந்து பேசலாம்."

எல்லாரும் மனசு திறந்தார்கள்.

திரைப் பிரிவுத் தலைவி முதலில் எழுந்தார். "திரைங்கறது நிறுவனத்தோட முகம். முகம் யாரையாவது பார்த்து 'நீ தப்பு'ன்னு சொல்லுமா? நாலு வருஷமா என் திரையில சிவப்பு நிறமே கிடையாது. யார் எதைத் தட்டினாலும் பச்சை டிக் வரும். அதுக்காக எனக்கு ஷீல்டு கொடுத்திருக்காங்க. வெறுமனே விட்டாலும் பச்சை டிக்தான். மனுஷங்க மனசு நோகக்கூடாது, அவ்வளவுதான் என் கொள்கை."

நடுப் பிரிவுத் தலைவர் தொண்டையைச் செருமினார். "நாங்க தபால்காரங்க. கவரைப் பிரிச்சுப் படிக்கிற தபால்காரனை நீங்க வீட்டு வாசல்ல நிக்க விடுவீங்களா? என் மாடியில முப்பத்திரண்டு பேர் வேலை செய்யறாங்க. ஒருத்தருக்கும் உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. இதைப் பெருமையாச் சொல்றேன்."

கிடங்குத் தலைவர் பேச எழவில்லை. அவருக்கு எழுகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. உட்கார்ந்தபடி சொன்னார்: "கொடுத்ததை வைப்பேன். கேட்டதைக் கொடுப்பேன். ஒரு தடவை எடைங்கற இடத்துல யாரோ 'அப்புறம் சொல்றேன்'னு எழுதி அனுப்பினாங்க. அதையும் வெச்சேன். இன்னும் பத்திரமா இருக்கு. வேணும்னா எடுத்துக் காட்டறேன்."

ஒருவரி கை தூக்கினான். "சார், ஆப்ஜெக்ட்ல வெச்சா ஒரே ஒரு வரிதான் சார். வயசும் எடையும் அங்கதான் சேர்ந்து..."

தலைமை வடிவமைப்பாளர் அவனைக் கனிவோடு பார்த்தார். வழி தவறி வந்தவர்களைப் பார்க்கிற கனிவு.

"தம்பி, நம்ம வடிவமைப்புல ஆப்ஜெக்ட்ங்கறது பை. மேலே இருந்து கீழே சாமான் கொண்டுபோற பை. அது தூய்மையா இருக்கணும். பை யோசிக்க ஆரம்பிச்சா, நாளைக்கு என்ன வேணாலும் கேட்கும். கடைசியில நாம எதுக்கு இருக்கோம்னு கேட்கும்."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு மூன்று தலைவர்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆகவே வேலிடேஷன் எந்த மாடிக்கும் உரியதல்ல என்று முடிவாகும் நிலையில், இயக்குநரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து காரியத்தைக் கெடுத்தது. வேலிடேஷனை ஏற்கும் பிரிவுக்கு எட்டுப் புதிய பணியிடமும் குளிரூட்டிய ஒரு கூடமும் வழங்கப்படும்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் திரைத் தலைவி, முகம் என்றால் கண்டிப்பும் அதில் சேர்த்திதான் என்றார். நடுத் தலைவர், பொறுப்புள்ள தபால்காரன் கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான் என்றார். கிடங்குத் தலைவர் எழுந்தே நின்றார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. யாரும் இன்னொருவரைக் கலந்து பேசவுமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று மாடியும் தனித்தனியாக வேலிடேஷன் வைத்துப் பூட்டிவிட்டுப் போயின.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கவுன்டர் திறந்தது. திரைப் பிரிவு எடையைக் கிலோவில் கேட்டது, ஐம்பதுக்கு மேல் போனால் மறுத்தது. நடுப் பிரிவுக்கு கிராமில் வேண்டும். ஐம்பதுக்குக் கீழே வருவதெல்லாம் அவர்கள் கண்ணுக்கு எறும்பு. கிடங்குக்கு எண்ணே ஆகாது, எழுத்தில் 'பதினான்கரைக் கிலோ' என்று எழுதினால்தான் உள்ளே விடும். திரைக்குப் பிடித்த குழந்தையை நடு மாடி திருப்பியது. கிடங்குக்குப் பிடிக்கும்படி எழுதினால் திரை திறக்கவில்லை. ஒவ்வொரு வேலிடேஷனும் தன்னளவில் பிசகில்லாமல் வேலை செய்தது. பன்னிரண்டு மணிவரை ஒரு குழந்தைகூடப் பதிவாகவில்லை. வரிசை தெருமுனை திரும்பியது. நூறு குழந்தைகள் சேர்ந்து அழுத சத்தத்தில் மூன்றாம் மாடியின் கண்ணாடி அதிர்ந்ததாகத் திரைத் தலைவி புகார் எழுதினார். பெரிய சிஸ்டர் ஒரு மர மேஜையை வாசலுக்கு இழுத்துப்போட்டு, பேனாவால் சீட்டு எழுதி, ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே அனுப்பினார்.

மதியம் மூன்று வேலிடேஷனும் கழற்றப்பட்டன. தலைமை வடிவமைப்பாளர் அன்றே ஒரு சமரசத் திட்டத்தை வரைந்தார். பச்சைப் பேனாவில் ஒரு முத்திரை. ஒவ்வொரு பையிலும் 'ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'ஆம்' என்று இருக்கிறதா என்பதை ஒவ்வொரு மாடியும் தவறாமல் சரிபார்க்கும்.

"அந்த 'ஆம்' யார் போடறது சார்?" என்று ஒருவரி கேட்டான்.

"யாரும் போட வேண்டாம். முதல்லயே 'ஆம்'னு வெச்சுடலாம். யார் மனசும் நோகாது."

திட்டம் கைதட்டலோடு நிறைவேறியது. எட்டுப் பணியிடத்தை மூன்று மாடியும் பிரித்துக்கொண்டன, மிஞ்சிய இரண்டு குழுவுக்கு. மறுநாளும் சிஸ்டர் ஒரு சீட்டைக் கிழித்தார். ஒன்பது மாதப் பிள்ளை, எண்பத்தொன்பது கிலோ, சரிபார்க்கப்பட்டது.

அந்தச் சீட்டின் இரண்டு பாதியையும் கொண்டுவந்து ஒருவரியின் மேஜையில் போட்டார். "இன்னும் நாலு வாரம்தான் இருக்கு தம்பி," என்றார். கத்தியிருந்தால்கூட ஒருவரி தாங்கியிருப்பான்.

அவர் போனதும் அவன் குழந்தை கிளாஸைத் திறந்தான். இருநூற்றுப் பதினான்காம் வரி. இந்த வயதுக்கு இந்த எடை பொருந்தவில்லை என்றால் ஆப்ஜெக்ட் பிறக்காது. 'எடையை மீண்டும் பாருங்கள்' என்று திரைக்குப் போகும். நாலு தடவை சோதித்துப் பார்த்தான். அனுமதி கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டம் இல்லாமல் ஒரு வேலை முடிந்ததால், ஏதோ திருடியவன்போல அவன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

வரி வேலை செய்தது. கவுன்டரில் 145 விழும், எடையை மீண்டும் பார்க்கச் சொல்லும், குமாஸ்தா புள்ளி விசையை ஒரு குத்துக் குத்தி 14.5 என்று திருத்துவார். ஆம்புலன்ஸ் வழியாக வந்ததும் அப்படியே நின்றது. பதினோரு நாள் சிஸ்டருக்குக் கிழிக்கச் சீட்டே இல்லை. கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் குழு அவசரமாகக் கூடியது. சுவரில் ஒரு வரைபடம். நான்கு வருடம் தரையோடு தரையாகப் படுத்திருந்த கோடு, பதினோரு நாளுக்கு முன்னால் விருட்டென்று எழுந்து நின்றது.

"இது என்ன தெரியுமா?" என்றார் தலைமை வடிவமைப்பாளர். "எரர். நாலு வருஷமா இந்த அமைப்புல ஒரு எரர் கிடையாது. இப்ப பதினோரு நாள்ல முப்பத்தேழு. ஒருவரி, நீ என்ன பண்ணின?"

"சார், அது எரர் இல்ல சார். எரரைப் பிடிச்ச கணக்கு. முன்னாடியும் இருந்துச்சு, யாரும் பிடிக்கல."

"பிடிக்காத வரைக்கும் இல்லைதானே?"

"சிஸ்டர் பிடிச்சாங்க சார். அவங்கதான் சீட்டைக் கிழிச்சு..."

தலைமை வடிவமைப்பாளரின் முகத்தில் மெல்ல ஒரு ஒளி பரவியது. ஒருவரி தான் சொன்னதை வாய்க்குள் திரும்ப இழுத்துக்கொள்ளப் பார்த்தான், நேரம் கடந்துவிட்டது.

"அதாவது," என்றார் அவர், சிவப்புப் பேனாவை உருவியபடி, "நமக்கு ஏற்கெனவே ஒரு வேலிடேஷன் அடுக்கு இருக்கு. நாலு வருஷமா ஓடிட்டிருக்கு. ஒரு தடவைகூட நின்னதில்லை. நாமதான் படத்துல வரையாம விட்டுட்டோம்!"

கிடங்குக்குக் கீழே ஒரு பெட்டி போட்டு, அதற்குள் சிஸ்டரின் பணி எண்ணை எழுதினார். மேலே 'மனித அடுக்கு' என்று தலைப்பு. நான்கு அம்புக்குறிகள் அதை நோக்கி இறங்கின. வெளியே போக ஒரு அம்புக்குறிகூட இல்லை.

அன்று இரண்டு உத்தரவு வந்தது. முதலாவது, இருநூற்றுப் பதினான்காம் வரி தற்காலிகப் பணி நீக்கம். அதாவது வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் கணினி அதைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடும். வரி இருக்கும், வேலை செய்யாது. துறையில் பலருக்கு இது பழகிய நிலைதான் என்பதால் யாரும் கடுமையாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது உத்தரவு, மனித அடுக்கு அமைப்பின் உறுப்பு என்பதால் தக்க மாற்று இல்லாமல் அதை அகற்ற முடியாது. லீவு மனு நிராகரிக்கப்படுகிறது. கண்காணிப்பாளர் பேனாவை மூடினார்.

சிஸ்டர் மறுபடி படியேறி வந்தபோது கையில் அந்த இரண்டாவது உத்தரவு இருந்தது.

"இது என்னடா, நான் உறுப்பாமே? கையா காலா?"

"மன்னிச்சுக்குங்கக்கா. என் வாயால வந்தது. நான்தான் உங்க பேரைச் சொன்னேன்."

"சரி, அழாதே. ரெண்டு பேரும் அழுதா யார் யோசிக்கிறது?" உத்தரவை இன்னொரு தடவை படித்தார். வார்டில் சீட்டைப் படிக்கிற அதே கண். "தக்க மாற்றுன்னு போட்டிருக்கான். உன் வரி லீவு போடுமா?"

"போடாது."

"தூங்குமா? டீ குடிக்கப் போகுமா?"

"இல்லக்கா."

"ரெண்டு வயசுக்கு இது பொருந்தாதுன்னு என்னை மாதிரியே சொல்லும்ல? அப்ப நான் அதுகிட்டயே பொறுப்பை ஒப்படைச்சா என்ன?"

ஒருவரி அவரை வாயைத் திறந்தபடி பார்த்தான். "அக்கா, லீவு ஃபார்ம்ல மாற்று ஆளோட பேர், வயசு எல்லாம் கேட்கும்."

"பேர் இருக்கே. வயசு எத்தனை நாள்? உட்காரு, தட்டு."

தட்டினான். பொறுப்பேற்பவர் பெயர்: இருநூற்றுப் பதினான்காம் வரி. இருப்பிடம்: குழந்தை கிளாஸ், முதல் மாடி. வயது: பதினான்கு நாள். தகுதி: பொருந்தாததை மறுக்கத் தெரியும். முன் அனுபவம்: பதினோரு நாள், முப்பத்தேழு மறுப்பு. பிற விவரம்: தற்போது இரண்டு சாய்கோட்டின் கீழ் உள்ளார், பொறுப்பேற்கும் நாளில் விடுவிக்கவும்.

ஒரு பொய் இல்லை. அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டு இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

லீவு விண்ணப்பமும் இதே கட்டடத்தில் செய்ததுதான். திரைப் பிரிவு பதினான்கு நாள் வயதைப் பார்த்துப் பச்சை டிக் காட்டியது. நடுப் பிரிவு கவரைப் பிரிக்காமல் கீழே கொடுத்தது. பை யோசிக்கவில்லை. சரிபார்க்கப்பட்டதா என்ற கட்டத்தில் 'ஆம்' இருந்தது. கிடங்கு வாங்கி வைத்துக்கொண்டது. ஒரு வரி, மனித உருவத்தில் நான்கு மாடியும் நடந்து இறங்கியது; யாரும் அதன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் நாற்பது விண்ணப்பங்களோடு சேர்ந்து அச்சாகி, சிஸ்டர் இப்போது அமைப்பின் உறுப்பு என்பதால் கண்காணிப்பாளரிடம் போகாமல், தலைமை வடிவமைப்பாளரின் மேஜைக்குப் போனது. அவர் போனில் பேசிக்கொண்டே நாற்பத்தொன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

உத்தரவு கைக்கு வந்ததும் ஒருவரி அதை மேஜை விளிம்பில் ஒட்டினான். ஒட்டிவிட்டு இரண்டு சாய்கோட்டையும் அழித்தான். சிஸ்டர் அன்று மாலை பஸ்ஸுக்குப் போனார். பிரசவத்துக்கு ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

மூன்று மாதம் கழித்துக் குழு ஆண்டு ஆய்வுக்குக் கூடியது. மனித அடுக்கு லீவில் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தார்கள்.

"அது இல்லாமலேயே மூணு மாசம் ஓடியிருக்கு," என்றார் தலைமை வடிவமைப்பாளர். "ஒரு தப்புச் சீட்டு வரல. இதுல இருந்து என்ன தெரியுது?"

"பிரச்சினையே இல்லைன்னு தெரியுது," என்றார் திரைத் தலைவி. "நான் முதல்லயே சொன்னேன், சிவப்பு வேண்டாம்னு."

"அப்ப அந்த வரி எதுக்கு? ஒருவரி, உடனே எடுத்துடு."

ஒருவரி உத்தரவின் நகலை நீட்டினான். "எடுக்க முடியாது சார். அது பொறுப்புல இருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பொறுப்பை ஒப்படைச்சவங்க நேர்ல வந்து திரும்ப வாங்கினாத்தான் அதை விடுவிக்கலாம். கையேட்டுல நாற்பத்தாறாம் பக்கம்."

கையேடு வந்தது. நாற்பத்தாறாம் பக்கம் அப்படித்தான் சொன்னது. எழுதியவர் தலைமை வடிவமைப்பாளர்.

"சரி. அந்தம்மா எப்ப திரும்பி வர்றாங்க?"

"வரல சார். அந்த ஊர் ஆஸ்பத்திரியிலயே வேலைக்குச் சேர்ந்துட்டாங்க. ராஜினாமா நேத்து வந்துச்சு."

"அப்ப அந்தப் பொறுப்பை வாங்கறதுக்கு..."

"ஆள் இல்லை சார்."

தலைவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் இது தன் மாடிக்கு உட்பட்டதல்ல என்று தனித்தனியாகக் குறிப்பில் பதியச் சொன்னார்கள். இருநூற்றுப் பதினான்காம் வரி மறு உத்தரவு வரும்வரை பொறுப்பில் தொடரும் என்று தீர்மானம் போட்டு, மறு உத்தரவு எந்த அடுக்கிலிருந்து வர வேண்டும் என்பதை ஆராய ஒரு துணைக் குழுவை அமைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

ஒருவரி வராந்தாவுக்கு வந்து சிஸ்டருக்குப் போன் போட்டான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான், துணைக் குழு உட்பட. மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்டா," என்றார் சிஸ்டர், ரகசியம் சொல்கிற குரலில். "சிரிக்க வைக்காதே. பேத்தி இப்பத்தான் மடியில தூங்கினா."